நனைத்து அளந்த கயிறு

பழவேற்காடு, ஒல்லாந்தர் கோட்டை, ஈயப்பட்டறை
பவ வருஷம், தை 9

திரௌபதிக்கு,

நீ என்னோடு பேசமாட்டாய் என்று தெரியும். ஆனால் படிப்பாய். உன் நைனா அம்மன் கோயிலில் பாரதம் படித்தவர், எழுத்து என்று எதைக் கண்டாலும் உனக்குக் கண் அதிலேதான் போகும். அதனால்தான் வாய்ச்சொல்லாகச் சொல்லி அனுப்பாமல், கல்யாணமான புதிதில் நீ எனக்குத் தலையில் குட்டிக்குட்டிக் கற்றுக்கொடுத்த இந்தக் கோணல் எழுத்தில் எழுதுகிறேன். தண்ணீர்ப் படகு ஓட்டும் எல்லப்பன் கொண்டுவந்து கொடுப்பான்.

வலையை மணலில் வீசிவிட்டு வந்தது தப்புதான். கோபத்தில் வீசினேன். நீ மட்டும் சும்மா இருந்தாயா? "போறவன் போ, வலையத் தோள்ல போட்டுக்கினு வந்தாத்தான் இந்த வாசப்படி"ன்னு பசியாவரம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாய். எல்லப்பன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

நான் இங்கே செய்கிற வேலையைச் சொல்கிறேன், கேள். கோட்டைக்கு மேற்கே மணல்மேட்டில் நல்ல தண்ணீர் ஊற்று ஒன்று இருக்கிறது. அங்கிருந்து கோட்டைவரைக்கும் மண்ணுக்கடியில் ஈயக்குழாய் போடுகிறார்கள். ஈயத்தை உருக்கித் தகடாக ஊற்றுவார்கள். தகட்டை உருண்டைக் கட்டையில் சுற்றி வாயைப் பற்றவைத்தால் குழாய். அதை அளந்து அறுப்பது என் வேலை. சொல்லச் சுலபமாக இருக்கிறது. கொஞ்சம் சாய்த்து அறுத்தாலும் அந்தக் குழாய் வீண். ஒரு குழாயின் வாயைக் கட்டை வைத்து விரித்து, அடுத்த குழாயை நாலு விரற்கடை உள்ளே நுழைக்கவேண்டும். சாய்ந்த வாய் சரியாக உட்காராது, ஒழுகும். உள்ளே போகிற அந்த நாலு விரற்கடையையும் சேர்த்து அளக்கவேண்டும். முதலில் நான் அதை மறந்துவிட்டேன். மேஸ்திரி ஆபிரகாம் துண்டைக் கையில் தூக்கிப் பார்த்து, "இன்னாடா இது, வஞ்சிர மீன்னு நெனச்சுக்கினியா, கண்ணால பாத்து வெட்டறதுக்கு?"ன்னு கேட்டார். பட்டறையே சிரித்தது. மானம் போயிற்று. இப்போது மறப்பதில்லை.

நான் அறுத்த குழாயில் ஒழுகாமல் தண்ணீர் வந்தால் என்னைப் பட்டறையில் நிலையாகச் சேர்த்துக்கொள்வார்கள். பட்டறை ஆட்களுக்கு அகழிக்கு இந்தப் பக்கம் ஓலைவீடு தருகிறார்கள். பத்தடி நடந்தால் நல்ல தண்ணீர்த் தொட்டி. உனக்கு வைகாசியில் பிரசவம். அதற்குள் உன்னை இங்கே அழைத்துவந்துவிடுவேன். இரண்டு பிள்ளைகளையும் அந்தத் தீவில், கோடையில், கிணறு உப்பாகிப்போன நாட்களில்தான் புதைத்தோம். மூன்றாவதையும் அங்கே பெறவேண்டாம் திரௌபதி. இதற்காகத்தான் வந்தேன். அன்றைக்கு இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், நீ சொல்லவிடவில்லை.

செங்கல்வராயன்


பசியாவரம்
மாசி 2

மாமாவுக்கு, திரௌபதி எழுதும் ஓலை.

உங்கள் எழுத்தைப் பார்த்தேன். நண்டு ஓடின மணல் இதைவிடத் தெளிவாக இருக்கும். ஆனாலும் படித்துவிட்டேன். நான் சொல்லவிடவில்லையா? பட்டறைக்குப் போகிறேன் என்று எனக்குச் சொல்வதற்கு முன்னால் படகுத்துறையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு, கடைசியில் வீட்டுக்கு வந்தால் நான் ஆரத்தியா எடுப்பேன்?

போகட்டும். அதைப் பேச இதை எழுதவில்லை. ஊர்ப் பெரியதனக்காரர் பொன்னுரங்கம் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு பேசினார், உள்ளே வரவில்லை. இந்த வருஷம் பாடு கட்டுவது பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாளாம். உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஏரியில் எந்த முறைக்கு யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டு எடுக்கிற நாளில், அந்தப் பாட்டில், அதாவது முறைக் கணக்கில், பெயர் உள்ளவன் தன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, தன் கையாலேயே சீட்டு எடுக்கவேண்டும். அண்ணனுக்குத் தம்பி எடுக்கமுடியாது, புருஷனுக்குப் பெண்சாதி எடுக்கமுடியாது. வராதவன் பெயரை எடுத்துவிட்டு, காத்திருக்கிறவனைச் சேர்ப்பார்கள். கோபால் கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு இடத்துக்காகக் காத்திருக்கிறான். அவன் பெண்சாதி மணியம்மாளுக்கும் என்னைப்போலவே வயிறு. அவள் தெருவில் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறாள். நம் இடம்தான் அவர்கள் கண்ணில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மீன்கூட எனக்குப் பெரிதில்லை. நல்ல தண்ணீர் கொண்டுவரும் படகும் அந்தப் பாட்டுக்குத்தான் சொந்தம். பெயர் உள்ள வீட்டுக்குத்தான் குடம் இறங்கும். இப்போதே கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க விளங்கவில்லை, சோறு பொங்கினால் கரிக்கிறது. இன்னும் பங்குனி இருக்கிறது, சித்திரை இருக்கிறது. பெயர் போனால் நான் எதைக் குடிப்பேன்?

உங்கள் குழாய் வரட்டும். வந்தால் அம்மனுக்குப் பொங்கல் வைக்கிறேன். ஆனால் அந்த ஒரு நாள் மட்டும் வந்து சீட்டு எடுத்துவிட்டுப் போங்கள். வீம்புக்காகக் கேட்கவில்லை மாமா. பயமாக இருக்கிறது.

திரௌபதி


பழவேற்காடு
பங்குனி 5

திரௌபதிக்கு,

உன் ஓலையை இடுப்பில் செருகிக்கொண்டே மேஸ்திரியிடம் போனேன். ஒரு நாள் விடவேண்டும், ஊரில் பாடு என்று கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. "கொழாய் முழுக்க உன் கைக்கு வாங்கிக் குடுத்துக்கீறேன். ஊத்துலேந்து கோட்ட மதில் வரிக்கும் நீ அறுத்ததுதான் போவப்போவுது. வேல நடுவுல போனா தொர வேற ஆள வைப்பாரு. அப்பறம் நான் கேக்க முடியாது. நீயே பாத்துக்க"ன்னார்.

மூன்று நாள் யோசித்தேன். நான் போகவில்லை.

திட்டாதே. முழுக்கப் படி. பாடு எடுக்க வந்தால் இந்தக் கோடைக்குத் தண்ணீர் உண்டு, அடுத்த கோடைக்கு மறுபடி இதே பயம். குழாய் முடிந்தால் உனக்கும் எனக்கும் பிறக்கப்போகிறதற்கும் ஆயுசுக்கும் தண்ணீர். பெயரை எடுத்தால் எடுக்கட்டும். சித்திரை பிறந்ததும் நீ இங்கே இருப்பாய், உனக்கு எதற்கு எல்லப்பன் குடம்?

என் கை இப்போது எப்படி ஓடுகிறது என்று நீ பார்க்கவேண்டும். மேஸ்திரி பள்ளத்தை நேரில் கயிறு பிடித்து அளந்தார். குழாய் முனைகள் உட்கார வெட்டிவைத்த கல்லிலிருந்து கல்லுக்கு. ஒரு குழாய்க்கு இவ்வளவு என்று கயிற்றில் முடிச்சுப் போட்டு, பட்டறையில் என் கையில் கொடுத்தார். நான் முதலில் அதைத் தொட்டியில் முக்கிப் பிழிந்துவிட்டுத்தான் குழாய்மேல் பிடித்தேன். வலைக்காரன் கை சும்மா இருக்குமா? கயிறு என்றால் நனைத்து அளந்தால்தானே நமக்கு மனசு ஆறும். பக்கத்தில் இருந்தவர்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும். முடிந்தபின் எல்லாக் குழாய்களையும் பக்கம் பக்கமாகப் பரப்பிவைத்தோம். மயிரிழை ஏற்றத்தாழ்வு இல்லை. மேஸ்திரி குனிந்து வாய்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "கோணலே இல்லடா, பேஷ்"னு முதுகில் தட்டினார்.

வரும் வாரம் பள்ளத்தில் இறக்குகிறார்கள். உன் புடவைகளை மூட்டை கட்டி வை.

செங்கல்வராயன்


பசியாவரம்
பங்குனி 21

மாமாவுக்கு,

பாடு முடிந்தது. நடந்ததை நானே சொல்கிறேன், எல்லப்பன் வாயில் கேட்டால் அதற்குக் கைகால் முளைத்திருக்கும்.

உங்களுக்காகக் காலையிலிருந்து துறையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். உங்கள் கடிதம் வந்திருந்தும் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. வெயில் ஏறினபிறகு உங்கள் வலையை என் தோளில் போட்டுக்கொண்டு அம்மன் கோயில் முன்னால் போய் நின்றேன். இந்த வயிற்றோடு அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு நடந்ததைப் பார்த்து ஆம்பிளைகள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பெரியதனக்காரர் முகம் சுருங்கிப்போயிற்று.

"இன்னா திரௌபதி இது? பொம்பள சீட்டு எடுத்த ஊரு எங்கனா கீதா?"ன்னார்.

"ஊருல இல்லாட்டி இங்க இருக்கட்டும். எம் புருசன் வேலைக்குப் போனான், ஓடிப்போவல. அவன் வர்ற வரிக்கும் அவன் பேர அப்பிடியே வைங்க"ன்னேன்.

"அப்பிடி ஒருத்தனுக்கு வச்சா நாளைக்குப் பத்துப்பேரு கேப்பான். ஏரி அவ்ளோ பெருசு இல்லம்மா"ன்னு சொல்லிவிட்டு, அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. உங்கள் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்கள். மூன்று தரமும் நான் "இருக்காரு"ன்னு சொன்னேன். யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அப்புறம் கோபாலைக் கூப்பிட்டார்கள். அவன் எடுத்தான். நல்ல இடமே வந்தது அவனுக்கு.

வீட்டுக்கு வந்து அழுதேன். உங்களைத் திட்டித் திட்டி அழுதேன். மறுநாள் தண்ணீர்ப் படகு வந்தபோது நம் வாசலைத் தாண்டிப் போயிற்று. எல்லப்பன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நம் குடம் கோபால் வீட்டில் இறங்கிற்று.

இனி உங்கள் குழாய்தான் மாமா, வேறு ஒன்றும் இல்லை. கோபம் எல்லாம் ஆறிவிட்டது, எனக்கு அதற்குத் தெம்பும் இல்லை. புடவையை மூட்டை கட்டிவிட்டேன், உலை மூடி, அகப்பை, அம்மன் உருவம் செதுக்கின கட்டை எல்லாம் அதிலேயே வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஒரு சொம்பு ஊற்றுகிறார்கள். எத்தனை நாளைக்கு ஊற்றுவார்கள்? சீக்கிரம் படகு அனுப்புங்கள். உங்கள் பிள்ளை உள்ளே நன்றாக உதைக்கிறது.

திரௌபதி


கோட்டைக்குப்பம்
யுவ வருஷம், சித்திரை 12

திரௌபதிக்கு,

எழுத உட்கார்ந்து எத்தனையோ தடவை எழுந்துவிட்டேன். ஊர் மாறி எழுதியிருப்பதைப் பார்த்தே உனக்குப் புரிந்திருக்கும். பட்டறையிலிருந்து என்னை அனுப்பிவிட்டார்கள்.

குழாய்களைப் பள்ளத்தில் இறக்கினோம். முதல் குழாய் அடுத்த கல்லுக்கு எட்டவில்லை. நாலு விரற்கடை குறைந்தது. மேஸ்திரி கல்தான் நகர்ந்துவிட்டது என்று நினைத்தார். அடுத்ததும் எட்டவில்லை. அதற்கு அடுத்ததும் இல்லை. எல்லாம் ஒரே அளவுக்குக் குறைச்சல். கயிற்றைக் கொண்டுவரச் சொல்லிப் பள்ளத்தில் பிடித்தார், சரியாக இருந்தது. குழாயில் பிடித்தார், கயிறு நீளமாக இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். "டேய், நீ இத இன்னா பண்ண?"ன்னார்.

நனைத்தேன். அதுதான் பண்ணினேன். சணல் கயிறு நனைந்தால் சுருங்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அதற்காகத்தானே வலைக்கயிற்றை நனைத்து அளக்கிறோம், தண்ணீருக்குள் போனபிறகு வலை குறுகக்கூடாது என்று. அவர் காய்ந்த கயிற்றில் பள்ளத்தை அளந்தார். நான் அதே கயிற்றைச் சுருங்கவைத்துக் குழாயை அறுத்தேன், காய்ந்ததும் அது பழைய நீளத்துக்கு வந்துவிட்டது. எல்லாம் ஒரே கயிற்றில் அறுத்தது, அதனால் ஒன்றுக்கொன்று சரியாகவே இருந்தன. பக்கம் பக்கமாகப் பரப்பிவைத்து என்ன பெருமை பட்டேன்!

வெட்டின மிச்சத்தை உருக்கி ஒட்டலாமே என்று கேட்பாய். நானும் கேட்டேன். அந்த மிச்சத் துண்டுகளை அன்றைக்கன்றே கோட்டைத் துப்பாக்கிக்குக் குண்டாக உருக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். குழாயை இழுத்து ஓரத்தோடு ஓரம் தொடவைத்துப் பார்த்தோம். தண்ணீர் விட்டால் வாய்க்கு வாய் ஒழுகிற்று. அடுத்த ஈயம் ஆடிக்குமேல் வருகிற கப்பலில்தானாம். பள்ளத்தை மூடச் சொல்லிவிட்டார் துரை. மேஸ்திரி எனக்காக ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். அவரையே ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். என்னிடம், "உங் கையில தப்பு இல்லடா. ஆனா இனிமே உங் கையில கயிறு குடுக்க மாட்டாங்க"ன்னார்.

வீடு இல்லை. இங்கே குப்பத்தில் கவிழ்த்துப்போட்ட படகுக்கு அடியில் படுத்துக்கொள்கிறேன். கரைவலை இழுக்கக் கூப்பிட்டால் போகிறேன், ஒரு பிடி மீன் தருகிறார்கள். உன்னை இந்த நிலையில் எங்கே வரச் சொல்வேன்?

நேற்று ஊற்றில் போய் ஒரு குடம் மொண்டு எல்லப்பனிடம் கொடுத்தேன். உனக்கு என்று சொல்லிக் கொடுத்தேன். திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். "பாட்டுப் படகுலே பேரு இல்லாதவன் குடம் ஏத்தக் கூடாதுன்னு பெரியவரு சொல்லிட்டாரு. நான் இன்னா பண்ணட்டும்ணா?"ன்னு அழாத குறையாகச் சொன்னான். வேறு படகு கேட்டுப் பார்க்கிறேன். யார் காலிலாவது விழுகிறேன். நீ கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதே திரௌபதி. எதைக் குடிப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அதைக் குடிக்காதே.

செங்கல்வராயன்


பசியாவரம்
வைகாசி 18

மாமாவுக்கு,

பிள்ளை பிறந்துவிட்டது. ஆண்பிள்ளை. மாதம் நிறையவில்லை, ஆனால் உயிரோடு இருக்கிறான். உங்கள் மூக்கு. அழும்போது உங்களைப்போலவே கீழுதட்டைத் துருத்துகிறான்.

நீங்கள் கட்டுமரத்தில் அனுப்பின குடம் ஒருதரம் வந்தது. அப்புறம் வரவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, காற்று அப்படி அடித்தது. கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தேன். குடிக்காதே என்று எழுதினீர்கள், குடித்தேன். எனக்குப் பால் வரவில்லை. அவன் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சப்பிவிட்டுக் கத்துவான், கத்தத் தெம்பு இல்லாமல் போனபிறகு முனகுவான். முன்னால் போன இரண்டும் இப்படித்தான் முனகின. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

அதே வாரத்தில் மணியம்மாளுக்குப் பிறந்த பெண் காய்ச்சலில் போய்விட்டாள். ஒருநாள் மத்தியானம் அவள் நம் வாசலில் வந்து உட்கார்ந்தாள். மாராப்பு நனைந்திருந்தது. என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே, "குடு திரௌபதி, ஒரு தபா குடுத்துப் பாக்கறேன்"ன்னாள். நான் கொடுத்தேன். அவன் கண்ணைத் திறக்காமலே குடித்தான், விடாமல் குடித்தான். பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவன் வயிறு புடைத்து நான் பார்த்தேன். நான் அழுதேன், அவளும் அழுதாள்.

அப்புறம் தினம் வந்தாள். நாலைந்து நாள் கழித்துக் கோபால் வந்தான். முரட்டுத்தனமாகப் பேசவில்லை. "இவ இங்கயும் அங்கயும் நடந்து நடந்து பைத்தியமா பூடுவா. குடுக்கறதானா மொத்தமா குடுத்துடு. ரெண்டு வூட்டுப் புள்ளயா வளக்க முடியாது. இல்லாட்டி நாளையிலேந்து இவள அனுப்ப மாட்டேன்"ன்னான். அவன் சொல்வது கொடுமையாகத்தான் இருந்தது. ஆனால் அவன் பெண்சாதியை அவன் பார்க்கவேண்டாமா?

இரவெல்லாம் யோசித்தேன். உங்களிடம் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று ஒருமுறை மூட்டையைக்கூட எடுத்தேன். எங்கே கிடத்துவது அவனை, படகுக்கு அடியிலா? நீங்கள் தண்ணீர் தருவீர்கள். பால்? அந்த மூட்டையை மறுபடி பிரித்தேன்.

அம்மன் கோயில் முன்னால் கோபாலின் வலையை விரித்தார்கள். நான் பிள்ளையை அதில் கிடத்தினேன். மணியம்மாள் எடுத்துக்கொண்டாள். இனி அவன் அந்த வீட்டுப் பிள்ளை என்று பெரியதனக்காரர் மூன்று தரம் சொன்னார். பெரியவனாகிக் கல்யாணம் கட்டினால் பாட்டில் அவனுக்குப் பெயர் ஏறும். கோபால் மகன் என்று ஏறும். நீங்கள் விட்ட இடத்தில் உங்கள் பிள்ளை நிற்பான். அவனுக்கு அது தெரியாது, யாரும் சொல்லக்கூடாது என்று என்னிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். நீங்களும் சொல்லக்கூடாது.

உங்கள்மேல் கோபமா என்று கேட்டால், இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். அந்த ஒரு நாள் வந்து சீட்டு எடுத்திருந்தால் என்று நினைக்காத நேரம் இல்லை. நீங்கள் அவனுக்காகத்தான் வராமல் இருந்தீர்கள் என்பதும் தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை.

நான் இங்கே இருக்கமாட்டேன். அவன் அழுகிற சத்தம் நாலு வீடு தாண்டிக் கேட்கிறது. இருந்தால் ஒருநாள் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவேன். திருப்பாலைவனத்தில் ஒரு பண்ணை வீட்டில் மாட்டுக்கொட்டகை வேலைக்கு ஆள் கேட்கிறார்களாம், அங்கே போகிறேன். என்னைத் தேடி வராதீர்கள். உங்களைப் பார்த்தால் அவன் மூக்கைப் பார்க்கவேண்டியிருக்கும், என்னால் முடியாது.

இனிக் குடம் அனுப்பவேண்டாம்.

திரௌபதி


கோட்டைக்குப்பம்
வைகாசி 25

திரௌபதிக்கு,

இதைத் திருப்பாலைவனத்துக்கு மாட்டுவண்டிக்காரன் ஒருவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். நான் வரமாட்டேன், பயப்படாதே. நீ செய்ததைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஊரில் யாரிடமும் அவனைப் பற்றிப் பேசமாட்டேன், அம்மன்மேல் ஆணை.

உன் ஓலையைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். எல்லாம் எழுதியிருக்கிறாய், ஒன்றை மட்டும் எழுதவில்லை. அதை மட்டும் எழுது. அதற்குப்பிறகு உனக்கு எழுதமாட்டேன்.

அவனுக்கு என்ன பெயர் வைத்தார்கள்?

செங்கல்வராயன்